ரெடிமேட் காம்பவுண்ட்

சமயநல்லூரைத் தாண்டி திண்டுக்கல் ரோட்டில் போனால் இடது பக்கம் ஒரு மஞ்சள் போர்டு தெரியும். 'சித்து ரெடிமேட் காம்பவுண்ட்' என்று பெரிதாக எழுதி, கீழே ஒரு போன் நம்பர். போர்டுக்குப் பின்னால் வரிசை வரிசையாகச் சிமெண்ட் போஸ்டுகளும் சிலாப்புகளும் அடுக்கி, ஈரச் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கும். அதற்குச் சொந்தக்காரன் சித்தார்த். மேலூர்ப் பக்கத்து ஊர்க்காரன். அப்பா கண்ணுச்சாமி ஆயுசுக்கும் அடுத்தவர் வயலில் நாற்று சுமந்தவர். மகனைப் பாலிடெக்னிக்கில் சிவில் படிக்க வைத்தார்.

படித்து முடித்ததும் சித்தார்த் ஒரு காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருந்தான். வீடு கட்டுகிற வேலை. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பார்கள்: "தம்பிக்கு எந்த ஊரு?" சொல்வான். அடுத்த கேள்வி வரும்: "ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" அதற்குப் பதில் சொன்ன பிறகு தண்ணீர் பேப்பர் கப்பில் வரும்.

ரெடிமேட் தொழிலுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி நின்றுபோனது. போனிலேயே பேச்சு முடியும். எத்தனை அடி உசரம், எப்ப லாரி வரும், அவ்வளவுதான். லாரி போகும், போஸ்டை நடுவார்கள், போஸ்டின் பக்கவாட்டுக் காடியில் சிலாப்பைச் சொருகி இறக்குவார்கள், திரும்பி வந்துவிடுவார்கள். அதனாலேயே அவனுக்கு அந்த வார்த்தை பிடித்திருந்தது. ரெடிமேட். முன்னாடியே செய்து வைத்தது. யார் செய்தது, யாருக்காகச் செய்தது, எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அவன் வார்த்த சிலாப் கோயில் தோப்பைச் சுற்றியும் நின்றது, கல்யாண மண்டபத்தைச் சுற்றியும் நின்றது.

சித்திரை மாதம் திருநகரிலிருந்து ஸ்ரீனிவாஸ் என்பவர் போன் செய்தார். கீழவாசல் பக்கம் ரொம்ப வருஷம் ஜவுளிக் கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் விட்டுவிட்டு, மேலூருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு இடம் வாங்கியிருந்தார். தோட்டத்தோடு சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு மனைவி வசுந்தராவோடு அங்கே போய்விட வேண்டும் என்பது அவர் ஆசை.

"கட்டுமானம் ஆரம்பிக்கிறதுக்குள்ள சுத்திச் சுவர் வந்துரணும் தம்பி. வெறும் இடமாக் கிடந்தா ஆளாளுக்கு உள்ள நடக்குறாங்க. ரெடிமேட்டுன்னா உறுதியா நிக்கும்ல?"

"நூறு வருஷம் நிக்கும் சார். நாளன்னைக்கு வாரேன்."

இடம் கருவேலங்காட்டை ஒட்டிய மேட்டுப் பூமி. கொஞ்சம் தள்ளி ஒரு கண்மாய், அதற்கு அந்தப் பக்கம் காலனி வீடுகள். பத்திரம், பட்டா எல்லாம் சுத்தம் என்று ஸ்ரீனிவாஸ் சொல்லியிருந்தார். அது உண்மையும்கூட. நூல் பிடித்து, ஏழடிக்கு ஒன்றாகச் சுண்ணாம்புப் பொட்டு வைத்து, குழி போடுகிற மிஷினை ஓட்டினார்கள். மிஷினைப் பிடித்தவன் பேச்சிமுத்து. சித்தார்த்தோடு ஆரம்பத்திலிருந்து இருப்பவன்.

தென்கிழக்கு மூலைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு குழியில் மிஷின் திணறியது. பேச்சிமுத்து மேலே தூக்கினான். திருகில் செம்மண்ணோடு பச்சையாக ஏதோ சுற்றியிருந்தது.

"அண்ணே, துணி மாதிரி இருக்கு."

சித்தார்த் வந்து பார்த்தான். விரல் அகலத்துக்குக் கிழிசல். மண்ணேறிப் போயிருந்தாலும் பச்சை மங்கவில்லை.

"குப்பையா இருக்கும். பிச்சுப் போட்டுட்டு ஓட்டு."

பேச்சிமுத்து உடனே ஓட்டவில்லை. "இம்புட்டு ஆழத்துலயா குப்பை கிடக்கும்?" என்றான்.

"வெயில் ஏறுது. ஓட்டுப்பா."

குழி முடிந்தது. போஸ்டை இறக்கிக் காங்கிரீட் கொட்டினார்கள். அந்தக் கிழிசலும் மண்ணோடு மண்ணாகக் குழியைச் சுற்றிக் கிடந்தது. மறுநாள் சாயங்காலத்துக்குள் நாலு பக்கமும் சுவர் எழுந்துவிட்டது. ஸ்ரீனிவாஸ் வந்து பார்த்துவிட்டு, "நேத்து வெறும் காடு, இன்னைக்குக் கோட்டை!" என்று சிரித்தார்.

ஒரு வாரம் கழித்து அவர் போன் செய்தார். குரலில் சிரிப்பு இல்லை.

"ஒரு சிலாப் விரிசல் விட்டிருக்கு தம்பி. தென்கிழக்குப் பக்கம், அடிச் சிலாப்."

லாரியில் வரும்போது அடிபட்டிருக்கும் என்று நினைத்து சித்தார்த் ஒன்றைக் கொண்டுபோய் மாற்றினான். மேலே இருந்தவற்றை உருவி, உடைந்ததை எடுத்து, புதிதை இறக்கினான். உடைந்த சிலாப்பின் விரிசல் அடியில் தொடங்கி மேலே போயிருந்தது. அதுதான் அவனுக்குக் கொஞ்சம் புதிராக இருந்தது. பாரம் தாங்காமல் விட்டால் விரிசல் அப்படி வராது.

சில நாளில் புதுசும் விட்டது. அதே இடம், அதே மாதிரி.

"குவாரி வெடியா இருக்குமோ?" என்று ஸ்ரீனிவாஸ் கேட்டார்.

"அந்தக் குவாரி மூடி வருசமாச்சு சார்."

"அப்ப காலனிக்காரங்கதான். வேணும்னே செய்றாங்க. நான் ஸ்டேஷன்ல எழுதிக் கொடுக்கப் போறேன்."

சித்தார்த் குறுக்கிட்டான். "அவசரப்படாதீங்க சார். நான் ஒருதடவை போய்ப் பாத்துட்டு வாரேன்" என்றான். காலனிக்காரர்கள் என்று அவர் சொன்னது யாரை என்று அவனுக்குத் தெரியும். அவன் யார் என்று அவருக்குத் தெரியாது.

மூன்றாவது சிலாப்பைப் போட்ட மறுநாள் தனியாகப் பைக்கில் போனான். உச்சி வெயில். கருவேல மரங்களுக்கடியில் நிழல் சுருங்கிக் கிடந்தது. ஒரு காக்கை சத்தம்கூட இல்லை. கேட்டைத் திறந்து உள்ளே போய்ச் சுவரோரமாகக் கையால் தடவிக்கொண்டே நடந்தான். சிமெண்ட் தோசைக்கல்லாகச் சுட்டது. கையை எடுத்து எடுத்து வைத்தான்.

தென்கிழக்கு மூலைக்கு வந்து குனிந்து அடிச் சிலாப்பைத் தொட்டான். சில்லென்று இருந்தது.

கையை எடுத்துவிட்டுப் பக்கத்துச் சிலாப்பைத் தொட்டான். சுட்டது. திரும்ப இதைத் தொட்டான். மண்பானையின் வயிறு மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. நிழல் விழுகிற இடமும் இல்லை. உள்ளங்கையை அப்படியே வைத்திருந்தான். அப்போது அந்தப் பக்கத்திலிருந்து, முழங்கால் உயரத்தில், லேசாகத் தட்டுகிற சத்தம் கேட்டது. விரல் முட்டியால் கதவைத் தட்டுகிற மாதிரி. நின்றது. மறுபடி தட்டியது.

அவன் எழுந்து ஓடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட் வழியாக வெளியே வந்து சுவரைச் சுற்றிப் போனான். யாரோ ஒரு ஆள் கையில் கல்லோடு நிற்பான் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே போனான்.

வெளியே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சுவரிலிருந்து தள்ளி, கருவேல மரத்துக்கு அடியில். நாற்பது வயது இருக்கும். நூறுநாள் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருந்தாள். மடியில் ஒரு பிஸ்கட் பாக்கெட். கை எட்டுகிற தூரத்தில் சுவர் இல்லை.

"இப்ப சுவத்தைத் தட்டுனது நீங்களாக்கா?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கும் கேட்டுச்சா?" என்றாள்.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவள் பெயர் முத்துத்தாய். கண்மாய்க்கு அந்தப் பக்கம் காலனியில் வீடு. அவளுக்கு ஒரு மகன் இருந்தான். பீமாராவ் என்று பெயர் வைத்து பீமா என்று கூப்பிட்டார்கள். நாலு வயதில் காய்ச்சல் வந்து, மேலூர் ஆஸ்பத்திரிக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் அலைந்து, திரும்பி வருகிற வழியில் ஆம்புலன்ஸிலேயே போய்விட்டான். பெரியவர்களுக்குச் சுடுகாடு தனியாக இருந்தது. சின்னப் பிள்ளைகளை இந்த மேட்டில்தான் புதைப்பார்கள். நிலத்துக்காரர் ஒன்றும் சொன்னதில்லை. அவர் செத்ததும் அவர் மகன்கள் விற்றார்கள், வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார்.

"பதினோரு வருசமா வெள்ளிக்கிழமை வருவேன் தம்பி. பிஸ்கட்ட வச்சிட்டுக் கொஞ்சம் உக்காந்துட்டுப் போவேன். போன மாசம் ஊர்ல இல்ல, தங்கச்சி பேறுகாலத்துக்குத் திருப்பூர் போயிருந்தேன். வந்து பாத்தா சுவர் நிக்கிது. ஒரு மாசத்துல இம்புட்டுச் சுவர எப்படிக் கட்டுனாக?"

"கட்டல அக்கா. இது ரெடிமேட்."

"ரெடிமேட்டுன்னா? கடையில சட்டை விப்பாங்களே, அதுவா?"

"அது மாதிரிதான். முன்னாடியே வேற இடத்துல செஞ்சு வச்சிருப்போம். கொண்டாந்து நட்டு, சொருகி விட்டுருவோம்."

"அப்ப இங்க யாரு இருக்கா, என்ன இருக்குன்னு பாத்துச் செய்யிறதில்லையா?"

அவள் குற்றம் சொல்கிற மாதிரிக் கேட்கவில்லை. தெரியாததைத் தெரிந்துகொள்கிற மாதிரித்தான் கேட்டாள்.

"சொருகுனதுன்னா உருவவும் செய்யலாம்ல?" என்றாள் அவள். "அடியில ஒன்னே ஒன்ன மட்டும் உருவி விட்டுருங்க தம்பி. நான் உள்ள வரமாட்டேன். கைய விட்டுப் பிஸ்கட்ட வச்சிட்டுப் போயிருவேன். சுவர் வந்ததுல இருந்து அவன் தட்டிக்கிட்டே கிடக்கான்."

அன்று வெள்ளிக்கிழமை. பாக்கெட்டைப் பிரித்து, சுவரை ஒட்டி மண்ணில் பிஸ்கட்டை அடுக்கிவிட்டு அவள் போனாள். அவள் கண்மாய்க்கரையில் ஏறி மறைகிறவரை சித்தார்த் பார்த்துக்கொண்டிருந்தான். கிளம்பலாம் என்று எழுந்தபோது அவன் கண் முன்னாலேயே அடிச் சிலாப்பில் டப்பென்று ஒரு சத்தம். மண்ணிலிருந்து மேல் நோக்கி, மயிரிழை மாதிரி ஒரு கோடு ஏறியது. பக்கத்தில் யாரும் இல்லை.

ரெண்டு நாள் சித்தார்த்துக்கு வேலை ஓடவில்லை. அந்தப் பச்சைக் கிழிசலைப் பார்த்தபோதே தனக்குள் ஏதோ சொன்னதும், அதைக் காதில் வாங்காமல் ஓட்டச் சொன்னதும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தன. மேட்டில் பிள்ளைகளைப் புதைப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியாத விஷயமா? அவன் பிறந்த தெருவிலும் அதே வழக்கம்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீனிவாஸைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னான். துணி வந்ததையும் சொன்னான்.

மறுநாள் காலையில் அவரும் வசுந்தராவும் காரில் வந்தார்கள். முத்துத்தாயும் வந்து தள்ளி நின்றாள். பேச்சிமுத்து கடப்பாரையைப் போட்டுவிட்டு லாரி ஓரம் உட்கார்ந்திருந்தான்.

"சட்டப்படி இது என் இடம் தம்பி" என்றார் ஸ்ரீனிவாஸ். "எனக்கு மனசு இல்லாம இல்ல. ஆனா இன்னைக்கு ஒருத்தருக்கு விட்டா நாளைக்குப் பத்துப் பேர் எங்க புள்ளையும் இங்கதான்னு வருவாங்க. அப்ப நான் என்ன செய்யட்டும்?"

"நெசமாவே இருப்பாங்க சார்" என்றான் சித்தார்த். "எங்க தெருவுலயும் இப்படித்தான் புதைப்போம்."

ஸ்ரீனிவாஸ் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். அவன் சொன்னதன் முழு அர்த்தமும் அவருக்குப் புரிந்தது. அந்த அடுத்த கேள்வியை அவர் கேட்கவில்லை.

வசுந்தரா இதற்குள் சுவரோரம் போயிருந்தார். புடவையை இடுக்கிக்கொண்டு குனிந்து அடிச் சிலாப்பில் கை வைத்தார். வெடுக்கென்று கையை எடுத்து முந்தானையில் துடைத்தார். மறுபடி வைத்தார். இந்த முறை எடுக்கவில்லை. கணவரைப் பார்த்துத் தங்கள் வீட்டுப் பாஷையில் ஏதோ சொன்னார். சௌராஷ்டிரம். மற்றவர்களுக்குப் புரியவில்லை. அவரும் அதிலேயே பதில் சொன்னார். குரல் ஏறியது, இறங்கியது. கடைசியில் வசுந்தரா தமிழுக்கு மாறினார், எல்லாருக்கும் கேட்கட்டும் என்கிற மாதிரி.

"கீழ ஒரு குழந்தை படுத்திருக்குன்னு தெரிஞ்சப்புறம் நான் இங்க துளசி மாடம் வச்சு விளக்கேத்த மாட்டேன். நீங்க வேணா தனியா இருந்துக்கோங்க."

"ஒரு சிலாப்பை எடுத்துட்டா போதும்னுதானே அவங்களே சொல்றாங்க?"

"கை மட்டும் நுழையுற ஓட்டையா? பெத்தவளுக்கா?" என்றார் வசுந்தரா. "சுவத்தை உள்ள தள்ளி வைக்கச் சொல்லுங்க. ரெடிமேட்தானே, கழட்டி மாட்ட வேண்டியதுதானே!"

ஸ்ரீனிவாஸ் கருவேலங்காட்டு ஓரம் வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். பிறகு, "செய்ங்க தம்பி" என்றார்.

சிலாப்புகளை உருவிப் படுக்கப் போட்டார்கள். போஸ்டைச் சுற்றிக் கையால்தான் தோண்ட வேண்டும் என்று பேச்சிமுத்து சொல்லிவிட்டான். மிஷினை அவன் இறக்கவே இல்லை. மண்ணைத் தளர்த்தி, முக்காலி நட்டு, சங்கிலி போட்டு மெதுவாக இழுத்தார்கள். போஸ்ட் அசைந்தது. அடியில் இறுகிய காங்கிரீட் உருண்டையோடு மேலே வந்தது. பக்கவாட்டில் சாய்த்துக் கிடத்தினார்கள்.

உருண்டையின் ஒரு பக்கம் வழவழப்பாக இருந்தது. சித்தார்த் மண்ணைத் தட்டிவிட்டான். காங்கிரீட்டில் துணியின் அச்சு விழுந்திருந்தது. இழை இழையாக, மடிப்பு மடிப்பாக. ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன மாங்காய்கள். ஒரு மடிப்புக்குள் பச்சைத் துணியே கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஸ்ரீனிவாஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். "ஆர்ட் சில்க்" என்றார் தன்னையறியாமல். "மாங்கா பார்டர். கல்யாணத்துக்கு எடுக்கிற சேலை. எங்க கடையில..." பக்கத்தில் கிடந்த சிலாப் மேல் உட்கார்ந்துவிட்டார்.

முத்துத்தாய் வந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. மண்டி போட்டு அந்த அச்சின் மேல் உள்ளங்கையை வைத்து, மாங்காய்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனாள்.

"என் கல்யாணச் சேலை" என்றாள். "நல்ல மழை அன்னைக்கு. புள்ளைக்குக் குளிருமேன்னு ரெண்டு சுத்தாச் சுத்தி விட்டேன். அப்பவும் பத்தாதுன்னு தோணுச்சு."

வசுந்தரா அவள் பின்னால் வந்து நின்று தோளில் கை வைத்தார். முத்துத்தாய் அப்போதுதான் அழுதாள். பதினோரு வருஷம் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து அழாத அழுகை.

குழிக்குள் எட்டிப் பார்த்தது பேச்சிமுத்து ஒருவன்தான். சித்தார்த் அவன் முகத்தைப் பார்த்தான். "என்னப்பா?" என்று வாய் அசைத்தான். பேச்சிமுத்து தலையை ஆட்டிவிட்டு மண்ணை அள்ளிப் போட ஆரம்பித்தான். போஸ்ட் பிள்ளையின் மேல் இறங்கியதா, பக்கத்தில் இறங்கியதா என்பதை அவன் அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு சித்தார்த் கேட்டபோதும் சொல்லவில்லை.

காங்கிரீட் உருண்டையை என்ன செய்வது என்று கேட்டதற்கு, "அவன் துணி. அவன்கிட்டயே போட்டுருங்க" என்றாள் முத்துத்தாய். போஸ்டிலிருந்து அதை வெட்டிப் பிரித்து, துணி அச்சு விழுந்த பக்கம் உள்ளே இருக்குமாறு குழியில் வைத்து மூடினார்கள். சுவர் மேட்டை விட்டு ரொம்பத் தள்ளி உள்ளே போனது. ஸ்ரீனிவாஸ் தானே நூலைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் தள்ளு, இன்னும்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

அதன் பிறகு சிலாப் உடையவில்லை. வீட்டு வேலை நடக்கிறது. முத்துத்தாய் வெள்ளிக்கிழமை வருகிறாள். வேறு சிலரும் வருகிறார்கள். ஒரு மாசத்தில் மேட்டில் நாலைந்து இடத்தில் பொட்டுக் கடலையும் மிட்டாயும் வைத்த தடம் தெரிந்ததாகவும், வசுந்தரா அங்கே ஒரு வேப்பங்கன்று நடச் சொல்லியிருப்பதாகவும் ஸ்ரீனிவாஸ் போனில் சொன்னார். குரலில் வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

பேச்சிமுத்து வேலையை விட்டு நிற்கவில்லை. ஆனால் மிஷினைத் தொடுவதில்லை. கடப்பாரைதான். மெதுவாகத்தான் ஆகிறது. சித்தார்த் அவசரப்படுத்துவதில்லை. எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் பக்கத்துத் தெருவுக்கு நடந்துபோய் ஒரு வீட்டு வாசலில் நின்று அந்த இடத்தைப் பற்றி விசாரிக்கிறான். சில நேரம் அந்த வாசலில் அவனைக் கேட்கிறார்கள்: "தம்பிக்கு எந்த ஊரு?" சொல்கிறான். அடுத்த கேள்விக்கும் சொல்கிறான்.

ஒருநாள் சாயங்காலம் ஊருக்குப் போன் போட்டு அப்பாவிடம் கேட்டான். "நம்ம ஊர்ல சின்னப் புள்ளைகள முந்தி எங்கப்பா புதைச்சாங்க?"

கண்ணுச்சாமி கொஞ்சம் இருமினார். "நாலுவழிச் சாலை வந்துச்சுல்ல, அதை ஒட்டி இருந்த மேடு. இப்ப அங்க பெட்ரோல் பங்க் இருக்கு. எதுக்குப்பா?"

"சும்மாதான் கேட்டேன்."

போனை வைக்கப் போனான். அப்புறம் அவர் குரல் வந்தது.

"உனக்கு மூத்தவ ஒருத்தி இருந்தா. நடக்க ஆரம்பிச்சிருந்தா. உங்கம்மா உன்கிட்டச் சொல்ல வேணாம்னுட்டா."

மறுநாள் மேலூரில் வேலை இருந்தது. அந்த பங்க்கில் எத்தனையோ தடவை லாரிக்கு டீசல் போட்டிருக்கிறான். அன்றும் லாரியை உள்ளே விட்டு நிறுத்தினான். தரை முழுக்கச் சிமெண்ட் கட்டம் கட்டமாகப் போட்டு, மேலே எண்ணெய் சிந்திக் கறுத்துக் கிடந்தது. காற்றுப் பிடிக்கிற இடத்தில் யாரோ டயரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். சித்தார்த் இறங்கிச் செருப்பைக் கழற்றி லாரிப் படியில் வைத்தான். வெறும் காலோடு நின்றான்.

பைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பங்க்காரப் பெண் அவன் காலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எம்புட்டுக்குண்ணே?" என்றாள்.